பெருந்தலைவரின் தேர்தல் பேரேடு

ஆண்டுதோறும் ஜூலை 15 அன்று காமராஜர் படத்துக்கு நம் சங்கக் கட்டடத்தில் மாலை போடுகிறோம். அவரது ஆட்சியைப் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம். ஆனால் அவர் எத்தனை முறை தேர்தலில் நின்றார், எங்கே ஜெயித்தார், எங்கே தோற்றார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அந்தக் கணக்கை இங்கே எழுத விரும்புகிறோம். வியாபாரிகளாகிய நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

காமராஜர் 1903-ல் விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி தேங்காய் வியாபாரி. மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தாயார் சிவகாமி அம்மாள் வளர்த்தார். ஊரார் வீடு வீடாகப் பிடி அரிசி சேர்த்து நடத்திய பள்ளியில்தான் அவர் படித்தார். அந்தப் படிப்பும் பாதியில் நின்றது. பிறகு தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக்கடையில் வேலை. பையன் கூட்டங்களுக்குப் போவதைப் பார்த்த குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். கடை மாறியது, மனம் மாறவில்லை. நாட்டு விடுதலைக்காக அவர் சிறையில் கழித்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்.

1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அப்பதவியை ராஜினாமா செய்துவிட்டார். முழு நேரமும் கொடுத்துப் பார்க்க முடியாத பதவி தமக்கு வேண்டாம் என்பது அவர் கருத்து. நாலு சங்கங்களில் பதவி வைத்துக்கொண்டு நாலு கூட்டத்துக்கும் போகாத நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி தேர்தல் கணக்கு:

1937 – சாத்தூர், சட்டசபை, போட்டியின்றி வெற்றி.
1946 – சட்டசபை, வெற்றி.
1952 – ஸ்ரீவில்லிபுத்தூர், நாடாளுமன்றம், வெற்றி.
1954 – குடியாத்தம், சட்டசபை இடைத்தேர்தல், வெற்றி.
1957 – சாத்தூர், சட்டசபை, வெற்றி.
1962 – சாத்தூர், சட்டசபை, வெற்றி.
1967 – விருதுநகர், சட்டசபை, தோல்வி.
1969 – நாகர்கோவில், நாடாளுமன்ற இடைத்தேர்தல், வெற்றி.
1971 – நாகர்கோவில், நாடாளுமன்றம், வெற்றி.

இவற்றில் 1954-ஐப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி அவர் முதலமைச்சரானபோது சட்டசபையில் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாத ஒருவர் மந்திரியானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது அரசியல் சட்டம். அன்று மேலவை இருந்தது. அதன் வழியாக எளிதில் வந்திருக்கலாம். ராஜாஜி அப்படித்தான் வந்தார். காமராஜரோ சொந்த ஊருக்கு வெகு தூரத்தில் உள்ள குடியாத்தத்தில் போய் நின்றார். கம்யூனிஸ்டு வேட்பாளர் எதிர்த்தார். காங்கிரசை எதிர்த்து வந்த பெரியாரும், அண்ணாவின் தி.மு.க.வும் காமராஜரை ஆதரித்தார்கள். மக்களிடம் கேட்டு வாங்கிய பதவி என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அடுத்து 1967. முதலமைச்சர் பதவியை 1963-லேயே தாமாக விட்டு, அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த நேரம். பள்ளிகளில் மதிய உணவு, கிண்டி தொழிற்பேட்டை, வைகை அணை என்று அவர் ஆட்சியின் வரவுப் பக்கம் நிறைந்திருந்தது. நின்றதும் சொந்த ஊர். எதிரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். முடிவு: சீனிவாசன் 33,421, காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285.

காரணம் என்ன? 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் கோபம் ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று எதிர்க்கட்சி வாக்குறுதி கொடுத்தது. பழைய பேரேட்டில் எவ்வளவு வரவு இருந்தாலும், அன்றைய அரிசி விலையைத்தான் குடும்பத் தலைவி பார்த்தாள். நம் கடைக்கும் இதே கதைதான். முப்பது வருஷ வாடிக்கை என்று நம்பி இன்றைய சரக்கில் அசட்டையாக இருந்தால், வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காமராஜரும் மக்களைக் குறை சொல்லவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, 1969-ல் நாகர்கோவிலில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1975 அக்டோபர் 2-ல் மறையும்வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1967-ல் இருவரும் பெற்றது மொத்தம் 65,557 ஓட்டு. அதில் 1,285 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ரொக்கம் கொடுப்பவருக்கு நாம் தள்ளும் கழிவு அளவுதான். அந்தப் பக்கம் விழுந்ததில் 643 ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். எந்தக் கட்சி ஜெயித்திருக்க வேண்டும் என்பது நம் பேச்சல்ல. ஒரு ஓட்டு என்ன எடை நிற்கிறது என்பதே பேச்சு.

இதை எழுத நமக்கு முழுத் தகுதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு நகராட்சித் தேர்தல் அன்று இரண்டு லாரி லோடு வந்துவிட்டது. இறக்கி, எடை பார்த்து, சிட்டை எழுதி முடிக்க மாலை ஆகிவிட்டது. 'ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது' என்று இருந்துவிட்டோம். குமாஸ்தா, எடை போடுபவர், சுமை தூக்குபவர் என்று பதினோரு பேரும் நம்மோடு ஓட்டுப் போடாமல் நின்றார்கள். அவர்களை அனுப்பாத குற்றமும் நம்முடையதே. அதன்பின் குப்பை வரி, கடை வாடகை என்று எதை எதிர்த்து மனுக் கொடுக்கப் போனாலும் அந்த நாள் நினைவுக்கு வந்து குரல் தாழ்ந்துவிடுகிறது.

ஆகவே வரும் தேர்தல் எதுவானாலும், அன்று லோடு வைக்காதீர்கள். ஆட்களைக் காலையிலேயே சம்பளத்துடன் அனுப்பிவையுங்கள். யாருக்குப் போடுவது என்பது அவரவர் விருப்பம். போடாமல் இருப்பது மட்டும் வேண்டாம்.