பாரஞ் சுமவாத சுவர்

பழைய உருக்குச் சட்டகக் கட்டடமொன்றில், இடைச்சுவரை அகற்றி மண்டபத்தை அகலமாக்க விரும்புவோர் பலர். மாடிகளின் பாரம் உருக்கு வளைகள், தூண்கள் வழியே நிலத்தை அடைகின்றது. சுவர் எதனையும் சுமக்கவில்லை. ஆகவே அதனை இடிப்பதால் தீங்கில்லை என்பர். இக்கூற்றிற் பாதியே உண்மை.

கட்டடத்தைத் தாக்கும் விசைகள் மேலிருந்து மட்டும் வருவனவல்ல. காற்றுப் பக்கத்திலிருந்து தள்ளுகின்றது. நிலநடுக்கம் அடியிலிருந்து அசைக்கின்றது. நான்கு மரக்கோல்களை மூலைக்கு ஓர் ஆணியாகப் பூட்டிச் சதுரமாக்கி, ஒரு பக்கத்தில் விரலால் தள்ளினால் அது சரிந்துவிடும். உள்ளே ஒரு பலகையை இறுகப் பொருத்தினாற் சரியாது. சட்டகத்தினுள் அமைந்த செங்கற்சுவர் அப்பலகையின் பணியையே செய்கின்றது.

இலண்டனில் 1906ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற றிற்ஸ் ஹொட்டேல் உருக்குச் சட்டகத்தின்மீது எழுந்தது. எனினும், புறச்சுவர்கள் பாரந் தாங்குவனபோலத் தடித்திருத்தல் வேண்டும் என்பதே அன்றைய நகர விதி. 1909ஆம் ஆண்டு விதியே மெல்லிய சுவர்களுக்கு இடங்கொடுத்தது. அக்காலக் கட்டடங்கள் பலவற்றிற் காற்றைத் தாங்கும் பொறுப்பு, வரைபடத்திற் குறிக்கப்படாமலே சுவர்களிடம் விடப்பட்டிருந்தது.

ஆதலின், பொறியியலாளர் முதலில் ஆராய்வது பக்கவிசை எவ்வழியாக நிலத்தை அடைகின்றது என்பதையே. சட்டகத்தில் மூலைவிட்டக் கோல்கள் உளவா? சில இடங்களிற் சாந்தைக் கொத்தி இணைப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். கோணவிரும்பின்மேல் வளையை வைத்துச் சில தறையாணிகளால் மட்டும் பூட்டியிருப்பின், அம்மூலையின் விறைப்புச் சிறிதே. ஒவ்வொரு மாடியையும் நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் தனித்தனியே கணித்தல் வேண்டும். எஞ்சும் சுவர்கள் ஒரு பக்கத்திலேயே திரண்டிருப்பின் கட்டடம் முறுகும். கடைக்காகக் கீழ்மாடியைத் திறந்துவிட்டால், மேலுள்ள மாடிகள் அனைத்தின் பக்கவிசையும் அங்கே வந்து குவியும்.

சுவரை அகற்றியே ஆகவேண்டுமெனின், அதன் பணியை ஏற்கும் உருக்குக் கோல்களையோ விறைப்பான சட்டகத்தையோ முன்னரே அமைத்து, தளத்துடனும் அத்திவாரத்துடனும் பிணைத்தல் வேண்டும். அத்திவாரம் அப்புதிய விசையைத் தாங்குமா என்பதும் கணிக்கத்தக்கது. இவையெல்லாம் முடிந்த பின்னரே முதற் செங்கல்லைப் பெயர்க்கலாம்.

சுவரை இடித்த மறுநாளும் கட்டடம் அசையாது நிற்கலாம். அமைதியான நாளொன்று அதன் உறுதிக்குச் சான்றாகாது. புயல்வீசும் இரவே அதனைச் சோதிக்கும். அவ்வேளை உள்ளே மக்கள் உறங்கிக்கொண்டிருப்பர்.