வாங்கிய வீட்டில் விட்டுப்போன சாமான்: கொளுத்தும் முன் பார்க்க வேண்டியவை

காடும் வீடுமாகச் சேர்த்துக் கிரயம் வாங்குகிறவர்களுக்கு, பத்திரத்தில் எழுதாத சில பொருள்களும் கூடவே வந்துசேரும். பரணில் பித்தளை அண்டா, மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்த கைத்தெளிப்பான், சாமி அறையில் விளக்கு, டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம், மூலையில் லேபிள் இல்லாத பாட்டில்கள். விற்றவர் பிள்ளைகளோடு திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பார். இங்கே பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. ஆள் விட்டு எல்லாவற்றையும் வாசலில் குவித்துத் தீ வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த அவசரத்தில் விஷம் புகையாகப் பரவும். இன்னொரு குடும்பத்தின் பத்திரம் சாம்பலாகும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் பகை பிறக்கும்.

இந்த வேலையை ஒரு வரிசையில் செய்தால் மூன்றையும் தவிர்க்கலாம். முதலில் விஷம், அடுத்து காகிதம், கடைசியில் சாமான்.

விஷத்தை முதலில் பிரியுங்கள்

பெரியவர்கள் போய் விஷத்தைப் பிரித்து எடுக்கும் வரை குழந்தைகளையும் ஆடு மாடு கோழிகளையும் உள்ளே விடக் கூடாது. பூட்டிக் கிடந்த வீட்டில் பாம்பும் தேளும் இருக்கும். டார்ச், நீளக் கம்பு, கையுறை, மூடிய செருப்பு அவசியம்.

பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரக் குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்கிறது. சிவப்பு கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சை என்பதற்காக அது ஆபத்தில்லாதது என்று நினைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தடை செய்த எண்டோசல்ஃபான் போன்ற பழைய மருந்துகள்கூட பரண்களில் கிடக்கலாம். லேபிள் இல்லாத பாட்டிலை மோந்து பார்ப்பது கூடவே கூடாது. குவார்ட்டர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் மருந்தை மாற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் பெயர் தெரியாத எந்தத் திரவத்தையும் விஷம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரம் பட்டால் அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். அந்த டப்பாவை அறைக்குள் திறக்காதீர்கள். அது இருக்கும் அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

இப்படிப் பிரித்த மருந்துகளைக் கொளுத்தவோ, கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டவோ கூடாது. ஒரு பெட்டியில் நிமிர்த்தி வைத்து, வீட்டுக்கு வெளியே பூட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தகவல் சொல்லி, எப்படி அகற்றுவது என்று கேட்டுச் செய்யுங்கள். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளவோ, தீவனம் அளக்கவோ வைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டை போட்டு, யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி செய்துவிடுங்கள்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108க்கு அழையுங்கள். மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

காகிதம் எதையும் எரிக்காதீர்கள்

டிரங்குப் பெட்டியில் உங்களுக்குச் சேர வேண்டியதும் இருக்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, முழுத் தொகையும் கொடுத்த பிறகு அந்தச் சொத்துக்கான மூலப்பத்திரங்களை விற்றவர் ஒப்படைக்க வேண்டும். அவர் நிலத்தில் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால் மூலப்பத்திரத்தையும் அவரே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை அவர் குடும்பத்துக்கு உரியவை. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம், அடகுச் சீட்டு, வேறு ஊர் நிலத்தின் பத்திரம், குடும்பப் படங்கள் எல்லாம் இதில் அடங்கும். குறிப்பாக உயில். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் முறைப்படி கையெழுத்திட்ட சாதாரணத் தாள்கூடச் செல்லும். நமக்குக் குப்பையாகத் தெரியும் ஒரு தாளில் வேறொரு வீட்டின் பாகப்பிரிவினை அடங்கியிருக்கலாம்.

எது நிலத்தோடு வந்தது?

பத்திரத்தில் வேறு விதமாக எழுதாதவரை, மண்ணில் வேரூன்றிய மரமும் மண்ணில் கட்டிய கட்டடமும் நிலத்தோடு சேர்ந்தே வரும் என்கிறது அதே சட்டம். வீட்டை வாங்கினால் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி போல வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்கு வைத்தவையும் சேரும். அண்டா, கட்டில், அம்மி, ஏணி, உழவுக் கருவி போலத் தூக்கிப்போகக் கூடியவை தாமாகக் கை மாறுவதில்லை. மோட்டார், பைப்பு விஷயத்தில்தான் சண்டை வரும். கிரையப் பத்திரத்தில் ‘மோட்டார், மின் இணைப்பு உட்பட’ என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. இனி வாங்குகிறவர்கள் ஒப்பந்தம் போடும்போதே சாமான் பட்டியலையும் எழுதிக்கொள்வது நல்லது.

கேளுங்கள், எழுதி வையுங்கள்

உரியவர் யாரென்று தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் பொருளை எடுத்துப் பயன்படுத்தினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். இதைத் தவிர்க்கப் பெரும்பாலும் ஒரு போன் போதும். “அண்ணே, பரண்ல உங்க அப்பா காலத்துச் சாமான் கிடக்கு. வந்து பாத்து எடுத்துக்கிறீங்களா, வேண்டாம்னு விட்டுடவா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அதையே ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் இல்லையென்றால் சாமான்களைப் படம் எடுத்து, பட்டியல் போட்டு, தேதி குறிப்பிட்டு, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். சட்டம் இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லவில்லை. நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதுவரை பொருளை நம் பொருள் போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சாமிப் பெட்டி, சூலம், குத்துவிளக்கு, இறந்தவர் படம் ஆகியவற்றை விலை பார்த்து எடைக்குப் போட வேண்டாம். விற்றவர் வராவிட்டால் உள்ளூரில் இருக்கும் பங்காளிகளிடம் சாட்சி வைத்து ஒப்படைக்கலாம். நாளைக்கு வேலித் தகராறோ பாதைத் தகராறோ வந்தால், எல்லை எதுவென்று சொல்ல அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் வர வேண்டியிருக்கும்.

வாசகர்களுக்கு வரும் சந்தேகங்கள்

*குதிரில் நெல் இருக்கிறது. விதைக்கலாமா?*

உரியவர் சம்மதித்த பிறகு, 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு முளைத்தவற்றை எண்ணுங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 80 சதவிகிதம். அதைவிட மிகவும் குறைந்தால் விதைக்க வேண்டாம். சாயம் ஏறிய விதை மருந்து கலந்ததாக இருக்கலாம். அதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது.

*பழைய தெளிப்பானைப் பயன்படுத்தலாமா?*

அதில் 2,4-டி களைக்கொல்லி அடித்திருந்தால், ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். என்ன அடித்தார் என்று தெரியாத தெளிப்பானைப் பயிர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

*அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால்?*

மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த சுவரிலோ மறைந்திருந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்குள் புதைத்தவரோ அவர் வழியில் உரிமை உள்ளவரோ கேட்டு வந்தால் அது விசாரணைக்குப் போகும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்டால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ளவும் முடியும். அப்போது அதற்கான விலையைக் கொடுக்கும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கும் போய், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.