ஜாக்கை எங்கே கட்டுவது?



இந்த வார எபிசோடில் மணலில் புதைந்த வாகனத்தை வெளியே எடுக்கும் கருவிகளைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். உண்மையில் அதுதான் முக்கியம்: அந்தக் கருவிகளில் ஆகப் பாரமான ஹை-லிஃப்ட் ஜாக்கை வண்டியில் எங்கே, எப்படி வைப்பது?

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஸ்டாக்டன் கடற்கரை மணல்மேடுகளுக்குப் போய்விட்டு சிட்னிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அக்காவின் மகள். ஜாக், டிக்கியில் கூடாரத்துக்கு மேலே. இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தேன். பொழுதுபடுகிற நேரம், ரோட்டில் ஒரு கங்காரு. பிரேக்கை அமத்தினேன். கங்காரு தப்பிவிட்டது. ஜாக் முன்னால் வந்து சீட்டின் முதுகில் இடித்து நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சீட்டின் பின்பக்கத்தில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அலவாங்கைக் கட்டாமல் பிள்ளைக்குப் பின்னால வச்சுக்கொண்டு வந்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 அங்குல ஜாக் ஏறத்தாழ 13 கிலோ. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்குள் அதற்கு இருக்கும் ஆற்றல், அதே ஜாக்கை 39 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். 39 மீட்டர் என்றால் 13 மாடி. ரப்பர் கயிறு இழுபடுவதற்கென்றே செய்தது; இதை அது பிடிக்காது.

சரி, எங்கே வைக்கலாம்?

வண்டிக்குள்: தூசி இல்லை, களவு போகாது. ஆனால் தரையில் உள்ள உலோகக் கொளுவிகளில் ராட்செட் பட்டியால் இரண்டு இடத்தில் இறுக்கவேணும், அல்லது தாங்கி வைத்து போல்ட் பூட்டவேணும். இன்னொரு சிக்கல்: புதைந்த நேரத்தில் ஜாக் எல்லாச் சாமானுக்கும் அடியில் கிடக்கும். அதனால் ஓரமாக, கடைசியாக ஏற்றி முதலில் எடுக்கக்கூடிய மாதிரி வையுங்கள்.

கூரையில்: இடம் தாராளம். ஆனால் பாரம் மேலே போனால் சரிவில் வண்டி புரளும் ஆபத்துக் கூடும். கூரைக்குச் சொல்லப்பட்ட பார அளவில் பெரும்பாலும் ராக்கின் எடையும் சேர்த்திதான். சரிந்து நிற்கும் வண்டியின் தலையிலிருந்து 13 கிலோ இரும்பை இறக்குவது லேசான வேலை இல்லை.

பின்னால், ஸ்பேர் டயர் பக்கத்தில்: எடுப்பதற்கு ஆகச் சுகமான இடம் இதுதான். ஆனால் டயர் கிளப்பும் தூசியும் சேறும் முழுக்க இதில்தான் படியும். நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைக்கக் கூடாது. பூட்டும் தேவை.

போனட்டில்: படத்துக்கு வடிவாக இருக்கும். உங்கள் பார்வையை மறைக்கும். மோதினால் நடந்து போகிறவருக்கும் ஆபத்து. வேண்டாம்.

வெளியே வைப்பதென்றால் தூசியை லேசாக எண்ணாதீர்கள். இந்த ஜாக்கின் உயிரே இரண்டு சிறிய பின்கள்தான். கைபிடியை ஒவ்வொரு தரமும் அசைக்கும்போது அவை மாறி மாறி இரும்புத் தண்டின் துளைகளுக்குள் போகும். அவற்றைத் தள்ளுவது சின்ன ஸ்பிரிங்குகள். மணல் புகுந்தால் பின் முழுதாக உள்ளே போகாது. பாரம் தாங்கும்போது வழுக்கலாம். ஆகவே அந்தப் பகுதிக்கு உறை போடுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணியில் கழுவி, காயவிட்டு, உலர் மசகு அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும்.

வைக்கும்போது திசை மாற்றும் நெம்பை மேல்நிலையில் விடுங்கள். கீழ்நிலையில் விட்டால், பாரம் இல்லாத நேரம் அந்தப் பகுதி தண்டில் தானாகவே சறுக்கும். கைபிடியையும் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தாங்கிக்குப் பெரிய வாஷரும் தளராத நட்டும் போடுங்கள். அலையலையான மண் ரோட்டில் ஓடிய பிறகு ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வண்டியில் இந்த ஜாக்கைக் கொளுவ இடம் இருக்கிறதா? இரும்பு பம்பரோ, சட்டத்தில் பொருத்திய பக்கத் தண்டோ இல்லாமல் பிளாஸ்டிக் பம்பரில் கொளுவ ஏலாது. இல்லையென்றால் 13 கிலோவைச் சும்மா சுமக்காதீர்கள். டயர் காற்றைக் குறைப்பது, மண்வெட்டி, மணல் பலகை, இந்த மூன்றும் பெரும்பாலான நேரம் போதும். ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வீட்டு முற்றத்தில், இருட்டில், கைவிளக்கோடு ஜாக்கைக் கழற்றி எடுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேலே போனால் இடம் பிழை. கழற்றாமலே கையால் ஆட்ட முடிந்தால் கட்டு பிழை.

எனது ஜாக் இப்போது டிக்கியின் இடது ஓரத்தில், இரண்டு தாங்கியில், நான்கு போல்ட்டில் நிற்கிறது. அக்காவின் மகள் ஏறுவதற்கு முன் அதைப் பிடித்து ஒருக்கால் இழுத்துப் பார்ப்பாள். ஆடாவிட்டால்தான் பெல்ட்டைப் போடுவாள்.

உங்கள் ஜாக் எங்கே இருக்கிறது? படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் கதைப்போம்.