எண்ணூரும் முப்பது நாள் அறிவிப்பும்

ஒரு திட்டமோ வரைபடமோ கணக்கெடுப்போ முடிவாவதற்கு முன்பு, அதன் வரைவை அரசுத் துறை மக்கள் முன் வைத்து ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்பதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்புதான் அதன் தொடக்கம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரை நீளும் கரையில் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள், சாம்பல் குட்டைகள், மீனவக் குப்பங்கள் எல்லாம் அருகருகே இருக்கின்றன. அங்கே அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டால், வலை விரிக்கும் இடமே கைவிட்டுப் போகலாம்.

கருத்துக் கேட்பில் இரண்டு வகை உண்டு. தகவலைத் திரட்டி, அறிக்கையாக்கி, “இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்பது ஒன்று. “இன்னின்ன தகவலைத் திரட்டப் போகிறோம், இந்தக் கேள்விகள் சரியா” என்று திரட்டும் முன்பே கேட்பது மற்றொன்று. இரண்டாவது வகை இந்தியாவில் அரிது. வடசென்னையின் பல சச்சரவுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டாவது வகையைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அமெரிக்கா. அங்கு 1980-இல் இயற்றப்பட்டு 1995-இல் திருத்தி எழுதப்பட்ட காகிதச் சுமைக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்க விரும்பும் மத்திய அரசு அமைப்பு முதலில் அரசிதழில் அறிவித்து 60 நாள் காத்திருக்க வேண்டும். தகவல் உண்மையிலேயே தேவையா, படிவத்தை நிரப்ப ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும், அந்தச் சுமையை எப்படிக் குறைக்கலாம் என்று மக்களிடம் கேட்க வேண்டும். வந்த கருத்துகளைப் பரிசீலித்தபின் படிவம் வெள்ளை மாளிகையின் கீழ் உள்ள மேலாண்மை, வரவுசெலவு அலுவலகத்துக்குப் போகும். அப்போது இன்னொரு 30 நாள் கருத்துக்காகத் தரப்படும். ஒப்புதல் கிடைத்த படிவத்துக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் இல்லாத படிவத்துக்குப் பதில் தராதவரைத் தண்டிக்க முடியாது. கேள்வி கேட்கும் அதிகாரத்துக்கே வரம்பு கட்டிய சட்டம் என்பதுதான் இதன் சிறப்பு.

இந்தியாவில் இதற்கு இணையான பொதுச் சட்டம் இல்லை. துறைக்குத் துறை விதி மாறுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இன் 5-ஆவது விதிப்படி, தொழில்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்கும் வரைவு அறிவிக்கை வெளியானால் 60 நாளுக்குள் ஆட்சேபணை அனுப்பலாம். சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2014-இல் வகுத்த கொள்கை. ஆனால் அது கொள்கைதான், சட்டம் அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேள்விகள் அரசிதழில் அறிவிக்கப்படும், அவற்றின்மேல் கருத்துக் கேட்கப்படாது. வீட்டுப் பட்டியலுக்கான 31 கேள்விகள் 2020 ஜனவரியில் அப்படித்தான் வெளிவந்தன. 1948-ஆம் ஆண்டின் சட்டப்படி அவற்றுக்குப் பதில் சொல்வது குடிமக்களின் கடமை. கேள்வியைத் திருத்தச் சொல்லும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை.

அண்மையில் ஒரு மாற்றம் தெரிகிறது. தேசிய அளவில் குடும்ப வருமானத்தைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கான படிவத்தை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 அக்டோபரில் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டது. இது எவ்வளவு அவசியமான வேலை என்பதைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அரை நாள் நின்றால் புரிந்துகொள்ளலாம். விசைப்படகில் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்த பிறகு மிஞ்சுவதில் படகுக்காரருக்கு ஒரு பங்கும் ஆட்களுக்கு ஒரு பங்குமாகப் பிரியும். சில நடைகளில் கையில் ஒன்றும் நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. “போன மாத வருமானம் எவ்வளவு” என்று மே மாதத்தில் கேட்கும் படிவம் அவரை வருமானமே இல்லாதவர் ஆக்கும். நல்ல பாடு வந்த ஆகஸ்டில் கேட்டால் வசதியானவர் ஆக்கும். இரண்டும் தப்பு. இதைச் சொல்லத் தெரிந்தவர் கரையில்தான் இருக்கிறார். படிவம் அச்சாகும் முன் அவரிடம் கேட்டால்தான் அது படிவத்தில் ஏறும்.

வடசென்னையில் கருத்துக் கேட்பு என்றவுடன் நினைவுக்கு வருவது சுற்றுச்சூழல் அனுமதிக்கான கூட்டம். 1997-இல் கட்டாயமாகி, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையில் இன்றைய வடிவத்தைப் பெற்ற நடைமுறை அது. திட்டத்தை முன்வைக்கும் நிறுவனம் முதலில் ஒரு படிவத்தில் திட்டத்தை விவரிக்கிறது. என்னென்ன ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆய்வு வரையறையை நிபுணர் குழு தருகிறது. நிறுவனமே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் காற்று, நீர், மண், உயிரினங்கள், மக்கள் பற்றிய தகவலைத் திரட்டி வரைவு அறிக்கை எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கிறது. ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் அறிக்கை பார்வைக்கு இருக்கும். பல நூறு பக்கம் ஓடும் முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும்.

இந்த வரிசையில் மக்கள் வருவது கடைசிக்கு முந்தின படியில். எதை அளப்பது என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆய்வு வரையறை இணையத்தில் ஏறும், ஆனால் அதன்மேல் கருத்துக் கேட்க விதியில் இடமில்லை. 2015 முதல் தொழில்வகைவாரியாக ஒரே மாதிரி வரையறைகள் தயாராக இருப்பதால், குஜராத் கரைக்கும் எண்ணூர்க் கரைக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல் பொருந்துகிறது.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டே போதும். அடிப்படைத் தகவலை வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாதம் திரட்டினால் போதும். பல இடங்களுக்கு இது பெரிய குறையாகாமல் போகலாம். எண்ணூருக்கு ஆகும். பூண்டி நீர்த்தேக்கத்தில் திறக்கும் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடல் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையின் அந்தச் சில வாரங்களில்தான் எண்ணூர்க் கழியின் முழு வேலையும் தெரியும்: எவ்வளவு அகலம் வேண்டும், எந்தச் சதுப்பில் வெள்ளம் தங்கும், சாம்பல் எங்கே படியும், நன்னீரும் உப்புநீரும் கலந்து இறால் எங்கே பெருகும் என்பதெல்லாம். அந்த வாரங்கள் இல்லாத அறிக்கை, கழியின் உயிரான பகுதியை விட்டுவிட்ட அறிக்கை. கூட்டத்தில் ஒரு மீனவர் எழுந்து இதைச் சொன்னால் அது நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறும். ஆனால் அளக்கும் பருவம் அப்போது கடந்திருக்கும்.

கூட்டம் நடக்கும் முறைக்கும் விதி உண்டு. மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி தலைமை வகிப்பார். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை, நாலு பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும். பேசியவற்றின் சாரத்தை முடிவில் உள்ளூர் மொழியில் கூட்டத்தாருக்குப் படித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும். எட்டு நாளுக்குள் பதிவுகள் அனுமதி தரும் அமைப்புக்குப் போக வேண்டும். சாரம் படிக்கும்வரை காத்திருக்காமல், பேசி முடித்ததும் பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கிடைக்கும் நேரம் சாரம் படிக்கப்படும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. நூறு பேர் எதிர்த்தாலும் அனுமதி வழங்கச் சட்டம் தடையாக இல்லை. எழுப்பிய ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும், நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே விதி. ஆகவே “திட்டம் வேண்டாம்” என்ற ஒரு வரியைவிட, “அறிக்கை இன்ன பக்கத்தில் இன்ன குப்பத்தை விட்டிருக்கிறது” என்ற வரிக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது கடினம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கூட்டம் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. கொரோனா காலத்தில் கூட்டம் கூட்டுவதா என்ற எதிர்ப்பு எழுந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி அறிவித்து, மறுபடியும் தள்ளிவைத்தார்கள். துறைமுகம் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். ஆனால் கரை அரிப்பும் முகத்துவார மாற்றமும் மாவட்ட எல்லையில் நிற்கமாட்டா. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கான கூட்டம் 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் நடந்தபோது, ஏற்கெனவே இத்தனை ஆலைகள் இருக்கும் இடத்தில் இன்னொன்றா என்ற கேள்வியே ஓங்கி ஒலித்தது. தனித்தனி அறிக்கைகளில் தனித்தனியாக அளக்கப்படும் புகை, ஒரே நுரையீரலுக்குள்தான் போகிறது.

இந்த விதிகளையே சுருக்கும் முயற்சியும் நடந்தது. 2020-இல் வந்த வரைவு அறிவிக்கை, 30 நாள் அவகாசத்தை 20 ஆக்கப் பார்த்தது. அந்த வரைவுக்கே கருத்துச் சொல்ல மொழி தடையாக நின்றது. அட்டவணை மொழிகளில் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. பத்து நாள் குறைவது அலுவலகத்தில் சிறிய விஷயம். பகலெல்லாம் கடலிலும் மாலையில் ஏலக்கூடத்திலும் இருக்கும் ஒருவருக்கு, ஆங்கில அறிக்கையைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவதற்கே பத்து நாள் ஆகிவிடும்.

அனுமதிக் கூட்டத்தைவிட ஆழமாகப் பாதிப்பது வரைபடம். 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளின்கீழ் ஒவ்வொரு கடலோர மாநிலமும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் வரைய வேண்டும். எது நீர்நிலை, எங்கே கட்டக் கூடாது என்பதை அதுதான் சொல்கிறது. மீனவக் கிராமங்கள், பொதுநிலங்கள், படகுத்துறை, மீன் உலர்த்தும் இடம், ஐஸ் ஆலை, பள்ளி, மருந்தகம், சாலை எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை பட்டியலிட்டது. மீனவர் குடியிருப்பு பெருகும்போது தேவைப்படும் வீட்டுநிலத்துக்கு நீண்டகாலத் திட்டமும் கேட்டது. 2019 அறிவிக்கையின்படி, வரைவுத் திட்டத்துக்கு மாவட்ட அளவில் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். தமிழ்நாட்டின் வரைவு 2023-இல் கூட்டங்களுக்கு வந்தபோது, குறிக்கச் சொன்னவை குறிக்கப்படவில்லை என்பதே மீனவர் அமைப்புகளின் முதல் ஆட்சேபணை.

வரைபடத்தில் விடுபட்டுப்போவோமோ என்ற அச்சம் எண்ணூர் மக்களுக்குப் புதிதல்ல. மாநிலத்தின் கடலோர வரைபடங்களுக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது எண்ணூர்க் கழி பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. கழியின் பெரும்பகுதியைக் காட்டாத வேறொரு வரைபடமும் அரசிடம் புழங்குகிறது என்று கடலோரப் பாதுகாப்பு இயக்கங்கள் 2017-இல் தகவல் உரிமைச் சட்டப் பதில்களை வைத்துக் குற்றஞ்சாட்டின. வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட ஒரு நீர்நிலை, வரைபடத்திலிருந்தும் போய்விட்டால், அங்கே மண் கொட்டுவதைத் தடுக்க ஒரு காகிதமும் மிஞ்சாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியில் பரவியபோது, நிவாரணப் பட்டியலின் வலிமை எல்லோருக்கும் தெரிந்தது. அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். எந்தக் குடும்பம் எந்த வகையில் வருகிறது என்பது கிடைக்கும் தொகையையே மாற்றியது. படகு இல்லாமல், கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். படகையும் வலையையும் மட்டும் கேட்கும் படிவத்தில் இவர்களுடைய இழப்பை எழுதக் கட்டம் இருக்காது. ஆகவே கட்டம் போடும்போதே இவர்கள் கேட்கப்பட வேண்டும்.

இன்றைய விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு. ஆட்சேபணையை எழுத்தில் தர கூட்ட நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிவிப்பு வந்த நாளிலிருந்தே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம், கூட்டத்துக்கு வர முடியாதவரின் கடிதமும் கணக்கில் வரும். திட்டத்தின் பெயர், அறிக்கையின் பக்க எண், குப்பத்தின் பெயர், எந்த மாதத்தில் எந்த மீன், எந்த இடத்தில் பாடு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற விவரங்கள் இருந்தால் அந்தக் கடிதமே ஒரு தகவல் திரட்டு. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அறிக்கை சொல்லாததை மக்கள் அன்றே சொன்னார்கள் என்பதற்குப் பின்னாளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வரும்போது அந்த நகல் சாட்சியாக நிற்கும்.