விண்வெளித் திட்டமும் மலையோர மக்களும்

1963 நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. வறுமை மிக்க நாட்டுக்கு இம்முயற்சி தேவைதானா என்ற வினா அன்று எழுந்தது. மக்களின் வாழ்க்கைப் பிரச்சினைகளைத் தீர்ப்பதே இத்திட்டத்தின் நோக்கம் என டாக்டர் விக்ரம் சாராபாய் வலியுறுத்தினார். அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறியுள்ளது என்பதைக் கேரளத்தின் கிழக்கு எல்லைப் பகுதிகளைக் கொண்டு மதிப்பிடலாம்.

தென்னையில் தொடங்கிய ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கொல்லங்கோட்டில் 1909இல் பிறந்த வானிலை அறிஞர் பி. ஆர். பிஷாரடி, இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1970இல் அவரது வழிகாட்டலில், கேரளத் தென்னந்தோப்புகள் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுக்கப்பட்டன. நலமான ஓலை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகப் பிரதிபலிக்கும். நோயுற்ற ஓலையில் இது குறையும். இவ்வேறுபாட்டைக் கொண்டு வேர்வாடல் நோயைக் கண்டறியலாம் என்பது தெளிவாயிற்று. பின்னர், 1979இல் பாஸ்கரா-1, 1988இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஆகிய புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் சோவியத் ராக்கெட்டுகள் மூலம் செலுத்தப்பட்டன.

மேகத்தை ஊடுருவும் ராடார்

பருவமழைக் காலத்தில் மேகம் சூழ்ந்த மலைகளைச் சாதாரணக் கேமராக்களால் காண இயலாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் புதையுண்டு 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அற்றுப்போனதால் மறுநாள் காலையிலேயே செய்தி வெளியே எட்டியது.

2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக உருவாக்கிய ராடார் செயற்கைக்கோளாகும். இதன் அலைகள் மேகத்தை ஊடுருவுகின்றன. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வந்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருப்பினும் அளந்தறிய வல்லது. எனினும், பெருமழையால் ஒரே இரவில் நிகழும் சரிவை இது மட்டுமே முன்னறிவிக்க இயலாது. சரிவுகளில் மழைமானிகள், அபாயப் பகுதிகளின் வரைபடங்கள், மழையிலும் துண்டிக்கப்படாத தொலைத்தொடர்பு, மக்களை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தும் நிர்வாகம் ஆகியவையும் இணைந்தாக வேண்டும்.

எதிர்காலம்

2035க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்பவை நாட்டின் அடுத்த இலக்குகளாகும். இவை பெருமைக்குரியவை. அதே வேளையில், விண்ணில் திரட்டப்படும் தகவல் கடைக்கோடி லயன் வீட்டுக்கு எச்சரிக்கையாக உரிய நேரத்தில் சென்றடைவதும் ஓர் இலக்காக அமைய வேண்டும். 1963இல் எழுந்த வினாவுக்கு அதுவே முழுமையான விடையாகும்.