வாரிசுக் காணியைப் பிரிக்குமுன் அறிய வேண்டிய ஆறு பேர்ச் விதி



வாப்பா மௌத்தான பின் பிள்ளைகள் வளவை அளந்து பிரித்து, நொத்தாரிசிடம் ஆளுக்கொரு உறுதி முடித்துக்கொள்வது எம்மவர் வழக்கம். சில வருடங்களின் பின் ஒருவர் வீடு கட்ட வரைபடத்தைச் சபைக்குக் கொண்டுபோகும்போதுதான், தமது துண்டு சட்டம் கேட்கும் அளவை விடச் சிறியது என்று தெரியவருகிறது. உறுதி, காணி யாருடையது என்பதைக் காட்டும். அதில் கட்டலாமா என்பதைச் சபையே தீர்மானிக்கும்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில், புதிதாகப் பிரிக்கும் குடியிருப்புத் துண்டொன்று பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. இது ஏறத்தாழ 6 பேர்ச். அகலமும் 6 மீற்றராவது இருக்க வேண்டும். சில பகுதிகளின் அபிவிருத்தித் திட்டம் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பாதையும் காட்டப்பட வேண்டும்.

இவ்விதி வீண் கெடுபிடியன்று. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் வசிப்போருக்கு இது விளங்கும். அம்புலன்ஸ் நுழையவும், ஜனாஸாவை வெளியே எடுக்கவும், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே தூரம் இருக்கவும் நிலம் வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 20 பேர்ச் வளவை விட்டுச் செல்கிறார். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரு மகள்மார். கடனும் வஸிய்யத்தும் இல்லையெனில் மனைவிக்கு எட்டிலொன்று, 2.5 பேர்ச். மிகுதி 17.5இல் மகனுக்கு 8.75, மகள்மாருக்குத் தலா 4.375. நிலத்தை இப்படியே வெட்டினால் மகனின் துண்டு மட்டுமே 6 பேர்ச்சைத் தாண்டும். அதிலும் பாதைக்கு விட வேண்டும்.

இங்கேதான் அநீதி நுழைகிறது. “உங்கள் துண்டில் கட்ட முடியாதே, விட்டுவிடுங்கள்” என்று உம்மாவிடமும் சகோதரிமாரிடமும் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். சபை கட்டுப்படுத்துவது துண்டின் பரப்பை; வாரிசின் பங்கையல்ல. 4.375 பேர்ச்சில் வீடு கட்ட முடியாவிட்டாலும் அதன் பெறுமதி அந்தச் சகோதரிக்கே உரியது.

அதைக் கொடுக்க வழிகள் உண்டு.

ஒன்று: ஒருவர் முழு வளவையும் எடுத்து, மற்றோரின் பங்குக்குச் சந்தை விலை கொடுக்கலாம். ஃபிக்ஹில் ‘தகாருஜ்’ எனப்படுவது இதுவே. மதிப்பீட்டாளரைக் கொண்டு விலை குறித்து, பணம் கைமாறிய பின்னரே உறுதி முடிக்க வேண்டும்.

இரண்டு: 6 பேர்ச் வீதம் மூன்று துண்டுகளாக்கி, மிகுதி 2 பேர்ச்சைப் பாதைக்கு விடலாம். 10 அடி அகலத்தில் ஏறத்தாழ 55 அடி நீளப் பாதைக்கு அது போதும். தம் பங்கை விடக் கூடுதலாகப் பெற்ற மகள்மார், குறைவாகப் பெற்ற சகோதரனுக்கும் நிலம் பெறாத உம்மாவுக்கும் பணமாக ஈடு செய்ய வேண்டும்.

மூன்று: எல்லோரும் சேர்ந்து விற்றுப் பங்கின்படி பணத்தைப் பிரிக்கலாம். இணங்காவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் செல்லலாம். ஆனால் அதற்குக் காலமும் செலவும் அதிகம்.

எவ்வழியாயினும் ஒழுங்கு இதுதான்: முதலில் வாரிசுகள் ஒன்றுகூடிப் பங்குகளை எழுத்தில் குறியுங்கள். பிறகு உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் உத்தேச வரைபடம் பெற்று, உங்கள் நகர சபை அல்லது பிரதேச சபையிடம் பிரிவிடல் அங்கீகாரம் கேளுங்கள். அது கிடைத்த பின்னரே நொத்தாரிசிடம் செல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள்; வங்கிக் கடனுக்கும் அதையே கேட்பார்கள்.

உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிக்க அல்லாஹ் எமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.