அப்பாவின் செல்போன், மகளின் படிப்பு!

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. தென்னாட்டின் முதல் பயணி ரெயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வந்து சேர்ந்தது. அந்த இருப்புப் பாதை இன்றும் பிழைப்புத் தேடுவோரை இந்தப் பக்கம் அழைத்து வருகிறது.

வாலாஜாபேட்டைக்கு அடுத்த ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகள். மேற்கே ஆம்பூரில் ஷூ கம்பெனிகள். வட மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். அப்பாவுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. மகளுக்குப் பள்ளிக்கூடம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குத் துணை நிற்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று கூறிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சியும் தரவேண்டும்.

ஆனால் 15 வயதில் வந்து இறங்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் கைகொடுப்பதில்லை. ஊர் புதிது, பேச்சும் புதிது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, அடுப்படியிலேயே அவள் நின்றுவிடுகிறாள்.

அவளுக்கும் ஒரு வழி உண்டு. அதுதான் தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிரம்பியவர்கள் வீட்டிலிருந்தே படித்து 10-ம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். இந்தி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுதலாம்.

ஆனால் அதில் சேர இணையதளத்தில் மனுச் செய்ய வேண்டும். அதற்கு இங்கிலீஷ் எழுத்தாவது தெரியவேண்டும். கையில் செல்போனும் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனோ அப்பாவின் சட்டைப் பையில் ஆலைக்குப் போய்விடுகிறது!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய ஆண்கள் 100-க்கு 57 பேர். பெண்கள் 33 பேர்தான்.

ஒரு மணி நேரம் போதும்

அவளுக்கு உடனே வேண்டியது பெரிய படிப்பு அல்ல. ஆதார் அட்டையில் உள்ளபடி தன் பெயரை இங்கிலீஷில் எழுதவேண்டும். மனுவில் உள்ள கட்டங்களைப் படித்து நிரப்பவேண்டும். செல்போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று தெரியவேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுக்க, பிளஸ் 2 முடித்த பக்கத்து வீட்டுப் பெண் போதாதா? வேலை முடிந்து வரும் தந்தை, தினம் ஒரு மணி நேரம் செல்போனை மகளிடம் கொடுத்தால் போதும்.

பிழைப்புக்காக இவ்வளவு தூரம் வந்த குடும்பம். மகளின் படிப்பு மட்டும் பாதி வழியில் நிற்கலாமா?